ஒன்பது ராணிகள் நிற்கலாமா?

கண்ணு, சதுரங்கப் பலகை ஒன்றை எடுத்து எதிரில் வைத்துக்கொள். இன்று நாம் ஆட்டம் ஆடப் போவதில்லை. பலகையைப் பார்த்துக் கேள்வி கேட்கப் போகிறோம். கேள்வி கேட்பதில் நீ கெட்டிக்காரப் பிள்ளை ஆயிற்றே!

வெள்ளைக்கு ஒன்பது ராணிகள் பலகையில் நிற்கின்றன என்று வைத்துக்கொள். "பெட்டியில் ஒரே ஒரு வெள்ளை ராணிதானே இருக்கும்? இது கள்ளாட்டம்!" என்பாய். கொஞ்சம் பொறு. வெள்ளைக்கு முதலில் ஒரு ராணி. கூடவே எட்டுச் சிப்பாய்கள். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் ராணி ஆகலாம் அல்லவா? எட்டும் போய்ச் சேர்ந்து, எட்டும் ராணி ஆனால்? ஒன்றும் எட்டும் ஒன்பது. சட்டம் இதைத் தடுக்கவே இல்லை.

சரி, பத்து ராணிகள்? அது முடியாது. பத்தாவது ராணி ஆவதற்குச் சிப்பாய் இல்லை.

பார்த்தாயா, ஒன்பது ராணிகள் என்பது வினோதம். பத்து ராணிகள் என்பது நடக்கவே முடியாதது. இந்த இரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். "இப்படி நான் பார்த்ததே இல்லை" என்பதற்கும் "இப்படி வரவே முடியாது" என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில்தான் நமக்கு வேலை.

முதலில் ஒரு விதி செய்துகொள்வோம். தொடக்க நிலையிலிருந்து ஆரம்பித்து, சட்டப்படியான நகர்வுகளை மட்டும் ஆடி ஒரு நிலையை அடைய முடிந்தால், அது வரக்கூடிய நிலை. ஆடுகிறவர்கள் புத்திசாலிகளாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு அசட்டுத்தனமாக ஆடினாலும் சரிதான். ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கலாம். குதிரையை ஊர்சுற்ற விடலாம். "இப்படி எவன் ஆடுவான்?" என்ற கேள்வியை இங்கே கேட்கக் கூடாது. பெரியவர்கள்கூடத் தடுக்கி விழுகிற இடம் இது.

கட்டங்களுக்குப் பெயர் தெரியுமா? வெள்ளையின் பக்கம் உட்கார்ந்து பார். இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று எட்டு நெடுக்கு வரிசைகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை படுக்கை வரிசைகள். இடப்பக்கம் கீழ் மூலைக் கட்டம் ஏ1. அதற்குக் குறுக்கே மேலே இருப்பது பி2. புரிந்ததா? விரலை வைத்து ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வா.

வரவே முடியாத சில நிலைகள் சட்டென்று தெரிந்துவிடும். இரண்டு ராஜாக்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிற்க முடியாது. வெள்ளைச் சிப்பாய் முதல் வரிசையில் நிற்க முடியாது. அது பின்னால் போகாது. இரண்டு ராஜாக்களுக்கும் ஒரே நேரத்தில் செக் இருக்க முடியாது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

இப்போது இதைக் கவனி. இரண்டு வெள்ளைக் குதிரைகள் ஒரே நேரத்தில் கறுப்பு ராஜாவுக்குச் செக் கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. வருமா?

வராது. கடைசி நகர்வில் ஒரு குதிரைதான் வந்திருக்கும். அப்படியானால் இன்னொன்று முன்பே செக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கும். செக்கில் நிற்கும் ராஜாவைக் கறுப்பு கவனிக்காமல் விட்டிருக்க முடியாதே!

"ஆனால் மாமா, இரட்டைச் செக் என்று ஒன்று இருக்கிறதே?" என்று நீ கேட்டால் உனக்கு ஒரு சபாஷ். இருக்கிறது. ஒரு காய் நகர்ந்து செக் கொடுக்கும். அது விட்டுப்போன வழியாக அதற்குப் பின்னால் இருந்த யானையோ மந்திரியோ ராணியோ இன்னொரு செக் கொடுக்கும். அவை மூன்றும் கோடு பிடித்துப் போகிற காய்கள். குறுக்கே நிற்பவர் விலகினால் வழி திறக்கும். குதிரையோ தாவுகிற காய். அதை யாரும் மறைக்க முடியாது. மறைக்க முடியாததைத் திறக்கவும் முடியாது. இந்தத் திறக்கிற விஷயத்தை மனதில் வைத்துக்கொள். பிறகு ஒரு பெரிய புதிருக்கு வேண்டும்.

இப்படிப் பலகையைப் பார்த்து, அதற்கு முன்னால் நடந்ததைக் கண்டுபிடிப்பதற்குப் பின்னோக்கு ஆய்வு என்று பெயர். மாமரத்தடியில் பாதி தின்ற மாங்காய் கிடக்கிறது. தின்றதை நீ பார்க்கவில்லை. ஆனாலும் பல்தடத்தைப் பார்த்து அணில் கடித்ததா, கிளி கொத்தியதா என்று சொல்லிவிடுவாய் இல்லையா? அதே வேலைதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. எல்லாக் காய்களையும் தொடக்க இடத்தில் அடுக்கு. முப்பத்திரண்டும் அதது வீட்டில் இருக்கட்டும். ஒரே ஒரு வித்தியாசம்: இப்போது நகர வேண்டியது கறுப்பு. ஆட்டம் தொடங்கிச் சில நகர்வுகள் ஆன பிறகு இப்படி ஒரு நிலை வருமா?

"குதிரையை வெளியே எடுத்து மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஆயிற்று" என்று தோன்றும். முயன்று பார். வெள்ளை இரண்டு நகர்வு, கறுப்பு இரண்டு நகர்வு. காய்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. ஆனால் மறுபடியும் வெள்ளையின் முறைதான்! வெள்ளை எப்படியாவது ஒரு நகர்வைக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். முடியுமா?

யோசிப்போம். சிப்பாய்கள் வீட்டில் இருக்கின்றன. சிப்பாய் பின்னால் வராது, ஆகவே அவை நகரவே இல்லை. அப்படியானால் மந்திரிகள், ராணி, ராஜா எல்லோரும் அடைபட்டுக் கிடக்கிறார்கள். நகரக்கூடியவை குதிரைகள் மட்டும். குதிரை வெளியே போயிருக்கும்போது பக்கத்து யானை அதன் வீட்டுக்கு ஒரு கட்டம் நகர்ந்து திரும்பி வரலாம். அவ்வளவுதான்.

இப்போது கட்டத்தின் நிறத்தைப் பார். குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும். வெள்ளைக் கட்டத்திலிருந்து கறுப்புக்கு, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு. யானையின் அந்த ஒரு கட்ட நகர்விலும் அப்படியே. ஒரு காய் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமானால், கிளம்பிய நிறத்துக்கே வர வேண்டும். ஆகவே அது 2, 4, 6 என்று இரட்டைப்படை முறைதான் நகர்ந்திருக்கும்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. கண்டுபிடித்தாயா? இரண்டு குதிரைகளும் வீடு மாற்றிக்கொண்டிருந்தால்? பி1 வெள்ளைக் கட்டம், ஜி1 கறுப்புக் கட்டம். மாறிப் போக ஒவ்வொரு குதிரைக்கும் ஒற்றைப்படை நகர்வு வேண்டும். ஆனால் இரண்டு ஒற்றைப்படைகளைக் கூட்டினால்? இரட்டைப்படை! ஓட்டை அடைபட்டுவிட்டது.

வெள்ளை எப்போதும் இரட்டைப்படை நகர்வுகள் ஆடியிருக்கும். கறுப்பும் அப்படியே. மொத்தமும் இரட்டைப்படை. மொத்தம் இரட்டைப்படை என்றால் அடுத்த முறை வெள்ளைக்குத்தான். ஆகவே "தொடக்க நிலை, கறுப்பின் முறை" என்பது ஒரு நாளும் வராது. பலகையில் விசித்திரமாக ஒன்றுமே இல்லை. எல்லாம் அழகாக, ஒழுங்காக அடுக்கியிருக்கிறது. ஆனால் நடக்க முடியாத நிலை! ஒன்பது ராணிகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டோம். இதைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

மூலைக்குப் போவோம். ஏ1-ல் ஒரு வெள்ளை மந்திரி. பி2-ல் ஒரு வெள்ளைச் சிப்பாய். வருமா? மந்திரி குறுக்காகத்தான் போகும். ஏ1-க்குள் நுழைய பி2 ஒன்றே வாசல். அந்த வாசலில் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையாத சிப்பாய். வெள்ளைச் சிப்பாய் இரண்டாம் வரிசையில் நிற்கிறது என்றால் அது நகரவே இல்லை என்று பொருள். ஆகவே வராது.

இப்போது அந்த மந்திரியை எடுத்துவிட்டு ஒரு கறுப்பு மந்திரியை வை. மற்றதெல்லாம் அப்படியே. இது வருமா? அவசரப்படாதே.

வரும்! கறுப்புச் சிப்பாய் ஒன்று ஏ2-க்கு வந்து, அங்கிருந்து ஏ1-ல் கால் வைத்து மந்திரியாக மாறியிருக்கலாம். வாசல் வழியாக அது வரவில்லை, அங்கேயே பிறந்தது. காயின் நிறத்தை மாற்றியவுடன் விடையே மாறிவிட்டது. இன்னும் ஒரு படி மேலே போ. அதே பலகையில் எட்டுக் கறுப்புச் சிப்பாய்களும் இருந்தால்? மந்திரியாக மாறிய சிப்பாய் போக ஏழுதானே மிஞ்சும்? எட்டு இருந்தால் மறுபடியும் வராத நிலை. அதை நீயே சொல்லியிருப்பாய்.

கவனித்தாயா, எல்லாப் புதிரிலும் சிப்பாய்தான் சாட்சி சொல்கிறது. ராணியும் யானையும் போன வழியே திரும்பி வந்து தடத்தை அழித்துவிடலாம். சிப்பாய்க்கு அது தெரியாது. முன்னால் மட்டும் போகும். வெட்டும்போது மட்டும்தான் பக்கத்து நெடுக்கு வரிசைக்கு மாறும். ஆகவே ஒரே நெடுக்கு வரிசையில் இரண்டு வெள்ளைச் சிப்பாய்களைப் பார்த்தால், குறைந்தது ஒரு கறுப்புக் காய் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.

இதை எவ்வளவு தூரம் இழுக்கலாம்? ஓரத்து ஏ வரிசையில் ஏ2 முதல் ஏ7 வரை ஆறு வெள்ளைச் சிப்பாய்களை அடுக்கு. பார்க்கவே சிரிப்பாக இருக்கிறது இல்லையா? கணக்குப் போடு. ஏ சிப்பாய்க்கு வெட்டே வேண்டாம். பி வரிசையிலிருந்து வர 1 வெட்டு. சி-யிலிருந்து 2. டி-யிலிருந்து 3. இ-யிலிருந்து 4. எஃப்-லிருந்து 5. கூட்டினால் 15. கறுப்பிடம் ராஜாவைத் தவிர எத்தனை காய்கள்? சரியாகப் பதினைந்து! ஆகவே வரலாம். ஆனால் அப்போது கறுப்பு ராஜா பலகையில் தன்னந்தனியாக நிற்க வேண்டும். ஒரே ஒரு கறுப்புக் குதிரை மிச்சம் இருந்தாலும் கணக்கு உதைக்கும். ஏழாவது சிப்பாய் வேண்டுமென்றால் இன்னும் 6 வெட்டு. அதற்குக் காய்க்கு எங்கே போவது?

அந்த ஆறில் எது எது எங்கிருந்து வந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். எஃப்2-வில் கிளம்பி ஐந்து முறை குறுக்கே வெட்டினால் ஏ7-ல்தான் போய் நிற்கும். ஆகவே உச்சியில் இருப்பது எஃப் சிப்பாய். அதற்குக் கீழே இ. இப்படியே இறங்கி வா. இந்தச் சிப்பாய்களில் ஒன்றுகூட ஒரு முறைகூட நேராக நகர்ந்ததில்லை என்பது தெரியவரும். ஆட்டத்தை நாம் பார்க்கவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது!

இப்போது அந்தப் பெரிய புதிர். இதைச் செய்தவர் ரேமண்ட் ஸ்மல்லியன். 1919-இல் பிறந்து 2017 வரை வாழ்ந்த அமெரிக்கர். கணிதப் பேராசிரியர், தர்க்கம் அவருடைய துறை. மேடையில் மாயவித்தை செய்வார், பியானோவும் வாசிப்பார். பின்னோக்கு ஆய்வுக்கென்றே இரண்டு புத்தகங்கள் எழுதினார். 1979-இல் வந்த முதல் புத்தகத்தில் துப்பறிகிறவர் ஷெர்லாக் ஹோம்ஸ். கொலை கொள்ளையைப் பற்றி அல்ல, சதுரங்கப் பலகையில் முன்பு நடந்ததைப் பற்றி! 1981-இல் வந்த இரண்டாவது புத்தகம் அரபுக் கதைகளின் பாணியில் அமைந்தது. நம் புதிர் அதில் இருப்பது.

வெள்ளை ராஜா யார் தெரியுமா? பாக்தாதை ஆண்ட ஹாரூன் அல் ரஷீத். மாயத்தால் அவர் கண்ணுக்குத் தெரியாமல் பலகையில் ஒரு கட்டத்தில் நிற்கிறார். தெரிகிற காய்கள் நான்கே. அடுக்கு: வெள்ளை மந்திரி ஏ4. கறுப்பு ராஜா டி1. கறுப்பு யானை பி5. கறுப்பு மந்திரி டி5. வெள்ளை ராஜா எங்கே?

அறுபது கட்டங்கள் காலி. குருட்டாம்போக்கில் தேடாதே. வெள்ளை மந்திரியின் கோட்டைப் பிடி: ஏ4, பி3, சி2, டி1. நேராகக் கறுப்பு ராஜாவைக் குறி வைக்கிறது. நடுவில் வெள்ளை ராஜா நிற்கிறாரா? சி2-வில் நிற்க முடியாது, அது கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டம். பி3-ல் நின்றால் யானையும் மந்திரியும் சேர்ந்து அவருக்கு இரட்டைச் செக். அது எப்படி வந்திருக்கும் என்று புரியவில்லை. அதைக் கொஞ்சம் ஒதுக்கி வை.

பி3-ல் அவர் இல்லை என்றால் கறுப்பு ராஜா செக்கில் இருக்கிறது. அந்தச் செக் வெள்ளையின் கடைசி நகர்வில்தான் வந்திருக்க வேண்டும். மந்திரி ஏ4-க்கு வந்து கொடுத்ததா? எங்கிருந்து வரும்? பி5 பக்கம் யானை மறிக்கிறது. பி3 அல்லது சி2-விலிருந்து வந்தது என்றால், அங்கேயே அது செக் கொடுத்துக்கொண்டுதானே இருந்திருக்கும்? ஆகவே மந்திரி நகரவில்லை. வேறொருவர் குறுக்கிலிருந்து விலகியிருக்கிறார். வெள்ளையில் மிச்சம் இருப்பது ராஜா மட்டும். அவர்தான் பி3-லிருந்து விலகினார்!

ஆக, எப்படிப் பார்த்தாலும் ராஜா பி3-ல் நின்றிருக்கிறார். இப்போதோ, ஒரு நகர்வுக்கு முன்போ. ஒதுக்கி வைத்த இரட்டைச் செக் உண்மையிலேயே நடந்திருக்கிறது. இதுவரை சரியா? இல்லையென்றால் மறுபடி மேலிருந்து படி. அவசரமே இல்லை.

இரட்டைச் செக் எப்படி வந்தது? யானை நகர்ந்து மந்திரிக்கு வழி திறந்ததா? அப்படியானால் யானை சி4-ல் நின்றிருக்க வேண்டும். சி4-லிருந்து பி5 குறுக்கு வழி. யானை அப்படிப் போகாது. மந்திரி நகர்ந்து யானைக்கு வழி திறந்ததா? அது பி4-ல் நின்றிருக்க வேண்டும். பி4-லிருந்து டி5-க்கு மந்திரியால் வர முடியாது. மூன்றாவது காய் ஒன்று நகர்ந்து இரண்டு வழியையும் திறந்ததா? யானையின் வழியில் இருப்பது பி4. மந்திரியின் வழியில் இருப்பது சி4. ஒரே நகர்வில் இரண்டு கட்டங்கள் காலியாக வேண்டும். சதுரங்கத்தில் அப்படி ஒரு நகர்வு உண்டா?

உண்டு! ஆன் பாஸான். ஒரு சிப்பாய் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் போய் எதிரிச் சிப்பாயின் பக்கத்தில் நின்றால், அடுத்த நகர்வில் எதிரி அதை ஒரு கட்டம் மட்டும் போனதுபோல வெட்டலாம். வெட்டிய சிப்பாயும் இடம் மாறும், வெட்டுப்பட்டதும் காணாமல் போகும். இரண்டு கட்டங்கள் ஒரே சமயத்தில் காலி!

இப்போது கதையை முன்னோக்கி ஆடிப் பார். வெள்ளை ராஜா பி3-ல். கறுப்புச் சிப்பாய் பி4-ல், யானையை மறைத்துக்கொண்டு. கறுப்பு மந்திரி டி5-க்கு வந்து செக் சொல்கிறது. வெள்ளை, சி2 சிப்பாயைச் சி4-க்குத் தள்ளி மறிக்கிறது. கறுப்புச் சிப்பாய் அதை ஆன் பாஸானில் வெட்டிச் சி3-க்கு வருகிறது. யானையும் செக், மந்திரியும் செக். சி3-ல் ஒரு கறுப்புச் சிப்பாய் இருக்க வேண்டுமே, இப்போது பலகையில் அது எங்கே? இல்லை. யாரோ வெட்டியிருக்கிறார்கள். இரட்டைச் செக்கில் ராஜா மட்டும்தான் நகரலாம். ஆகவே ராஜாவே வெட்டினார். ஹாரூன் அல் ரஷீத் நிற்பது சி3!

எனக்குத் தெரிந்த சதுரங்கப் புதிர்களில் இதற்கு ஈடு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். யாருக்கு வெற்றி என்ற பேச்சே இல்லை, பார்.

மொத்தம் எத்தனை நிலைகள் வரக்கூடும் என்று கேட்கிறாயா? 1950-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் கிளாட் ஷானன் என்ற அறிஞர் தோராயமாக ஒரு கணக்குச் சொன்னார்: ஒன்றை எழுதி அதன் பின்னால் 43 சுழியங்கள். பிறகு ஜான் டிராம்ப் என்ற டச்சுக் கணினி அறிஞர் வேறு வழியில் போனார். அப்பட்டமாகத் தப்பானவற்றைக் கழித்த ஒரு பெருங்குவியலிலிருந்து கணினி கண்ணை மூடிக்கொண்டு நிலைகளை எடுக்கும். எடுத்ததில் எவை உண்மையில் வரக்கூடியவை என்று நாம் இன்று செய்த மாதிரியே சோதித்தார்கள். நூற்றுக்கு ஆறுகூடத் தேறவில்லை. அந்த விகிதத்தை வைத்துக் கிடைத்த விடை: 48-ஐ எழுதி அதன் பின்னால் ஏறக்குறைய 43 சுழியங்கள்.

இனி உன் முறை. வெள்ளையின் எட்டுச் சிப்பாய்களும் இரண்டாம் வரிசையில் அசையாமல் நிற்கின்றன. வெள்ளையில் குறைவது ஒரே ஒரு காய்: சி1-ல் கிளம்ப வேண்டிய மந்திரி. கறுப்புக்கு ஹெச்6-ல் ஒரு சிப்பாய், ஹெச்7-ல் ஒரு சிப்பாய். ஜி வரிசையில் சிப்பாய் இல்லை. மற்ற காய்களை உன் இஷ்டப்படி வைத்துக்கொள்.

இந்த நிலை வருமா, வராதா? ஒரு துப்பு மட்டும் தருகிறேன்: அந்த மந்திரி எந்தக் கட்டத்தில் வெட்டுப்பட்டது என்று முதலில் கண்டுபிடி. காரணத்தோடு எழுதி அனுப்பு. விடையை அடுத்த இதழில் பார்ப்போம்.